எந்தக் கரை?

எங்கள் தெருவில் கரை என்றால் ஒன்றே ஒன்றுதான். தெருவுக்கு மேற்கே, எங்கள் கூரைகளைவிட உயரமாகப் படுத்துக்கிடந்த குளத்தங்கரை. ஆடு மேய்வதும் துணி காய்வதும் அதன்மேல்தான். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் "கரைக்கு" என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளிய தெரு அது. அங்கிருந்து பார்த்தால் மலையில் அருவி ஒரு வெள்ளை நூலாகத் தெரியும். நூல் தடித்துக் கயிறானால் குளம் நிறையப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். குளம் நிறைந்தால் ஆண்களின் பார்வை சாப்பிடும்போதுகூட மேற்கே போய்ப் போய் வரும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இதை இப்போதும் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லுவேன். அப்போது ஐந்தாம் வகுப்பு. தெருவில் யார் வீட்டில் எழுத்து அச்சடித்த காகிதம் கிடந்தாலும், அது பலசரக்கு மடித்து வந்த காகிதமாக இருந்தாலும், எடுத்து உரக்கப் படிப்பேன். யாரும் கேட்கவில்லை என்றால் இன்னும் உரக்கப் படிப்பேன்.

மேலவீட்டு அத்தைதான் எப்போதும் கேட்பாள். எனக்கு உறவில் அத்தை இல்லை. அம்மா அவளை மதினி என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை ஆனாள். தனி ஆள், ஒரு மாடு, கால் ஏக்கர் வயல். ரேடியோவை அவள் "ரேடியா" என்பாள். நான் ஒவ்வொரு தடவையும் திருத்துவேன்.

"ரேடியா இல்ல அத்தை, ரேடியோ."

"அதாம்ட்டி, ரேடியாவ்."

எனக்கு அலுப்பாக இருக்கும். படிக்காதவர்களுக்கு ஒன்றை எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது என்று எனக்குள் ஒரு முடிவு அப்போதே இருந்தது.

என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பியது அம்மாவின் பிடிவாதம். அப்பா வண்டிக்காரர், அண்ணன் சொல்லுக்கு மறுசொல் சொல்லாதவர். அந்த அண்ணன், அதாவது என் பெரியப்பா, ஐந்தாம் வகுப்போடு போதும் என்று சொல்லிவிட்டிருந்தார். அம்மா அதற்கப்புறமும் தினம் காலையில் எனக்குத் தலைபின்னிப் பையைக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். பெரியப்பாவுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதைத் தேடி அவர் வேறெங்கும் அலையவேண்டியிருக்கவில்லை, நானே கொண்டுவந்து கொடுத்தேன்.

கார்த்திகை மாதம். நாலைந்து நாளாக மழை பெய்து, அருவி கயிறாகத் தடித்து, குளம் நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பூங்காவில் பஞ்சாயத்து ரேடியோ செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. நான் போய் நின்றபோது செய்தியின் வால்தான் கிடைத்தது. அதிலும் பாதியை ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டது. காதில் விழுந்தது இவ்வளவுதான்: புயல் நாளை காலைக்குள் கரையைக் கடக்கும்.

எனக்கு அதுவரை கடலைப் பார்த்துப் பழக்கமில்லை. உலகத்தில் எனக்குத் தெரிந்த கரை ஒன்று.

தெருவுக்கு ஓடிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, முதலில் அகப்பட்ட மேலவீட்டு அத்தையிடம் சொன்னேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"புயல் கரையைக் கடக்குமாம் அத்தை! ரேடியோவுல சொல்லிட்டாங்க."

"கரையைக் கடக்கும்னா என்னட்டி அர்த்தம்?"

அந்தக் கேள்வி இல்லாமல் இருந்திருக்கலாம். அர்த்தம் கேட்டால் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. "குளத்துத் தண்ணி கரையைத் தாண்டிரும்னு அர்த்தம்" என்றேன். அது போதாதென்று தோன்றி, "கரை உடைஞ்சாலும் உடையும்" என்று என் பங்குக்கு ஒரு வாக்கியமும் சேர்த்தேன்.

அத்தை மேற்கே பார்த்தாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். அப்பா வண்டியோடு செங்கோட்டைக்குப் போயிருந்தார். அம்மா மடியில் கைப்பிள்ளையோடு இருந்தாள். அத்தை தன் வீட்டில் இருந்த கயிற்றையெல்லாம் கொண்டுவந்து எங்கள் கூரைமேல் குறுக்கே போட்டு, இரண்டு முனையிலும் கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள். கடைசியில் ஒரு முழம் குறைந்தது. போய்த் தன் மாட்டின் கயிற்றையே அவிழ்த்து எடுத்துவந்தாள். மாடு அதற்கப்புறம் கட்டில்லாமல் அவள் பின்னாலேயே தெருவில் நடந்துகொண்டிருந்தது.

"ஒங்க கூரை, மதினி?" என்று அம்மா கேட்டாள்.

"எங்கூரையில என்ன இருக்கு பறக்கதுக்கு? பாதி போன வருசமே போயிட்டுல்லா."

செய்தி தெரு முழுவதும் பரவியது. சொன்னது யார் என்று கேட்டவர்களிடமெல்லாம் "ரேடியோவுல சொன்னாங்க, நான்தான் கேட்டேன், குளத்துக் கரை உடைஞ்சாலும் உடையுமாம்" என்று வீட்டுக்கு வீடு போய்ச் சொன்னேன். அன்று மாலை என்னைப் போலச் சந்தோஷமாக இருந்தவர்கள் தெருவில் யாரும் இல்லை. பெரியவர்கள் நான் பேசும்போது வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். கடைசியில் வந்த பெரியப்பாவும் ரேடியோ சொன்னதை மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டார்.

சாலையோரம் மேட்டில் ஒரு கல்மண்டபம் இருந்தது. எல்லாரும் அங்கே போய்விடுவது என்று முடிவாயிற்று. பெட்டி, பாய், கோழிக்கூடை, புளிப்பானை, விறகு, எல்லாம் தலைக்குமேல் ஏறி நடந்தன. தன் வீட்டுச் சாமானை வைத்துவிட்டுத் தெருவுக்குத் திரும்பியவர்கள் மறுபடி வெறுங்கையோடு வரவில்லை. நடுவில் எந்த வீட்டில் எது மிச்சமிருந்ததோ அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாருடைய சேலை யாருடைய பெட்டிக்குள் இருந்தது என்று பிரித்தெடுக்க ஒரு வாரம் ஆயிற்று. பெரியம்மா ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியபோது அத்தைதான் நிறுத்தினாள்.

"ஏ மைனி, ஆட்டுக்கல்லு மிதக்குமா?"

"மிதக்காது. அடிச்சிட்டுப் போயிட்டுன்னா?"

"போனா நாமளும் அது பின்னாலயேதான் போவோம். போட்டுட்டு வாங்க."

அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது எல்லாருக்கும். தண்ணீர் வந்தால் நாளைக்கு யார் வீட்டிலும் அடுப்பு எரியாது என்று அத்தை தன்னிடமிருந்த அரிசி அத்தனையையும் உலையில் போட்டுப் புளிச்சோறு கிளறி, பிள்ளைகள் இருந்த வீடுகளுக்கெல்லாம் இலையில் கட்டினாள்.

பெரியப்பா வீட்டில் ஆளுயரத்துக்கு ஒரு குலுக்கை இருந்தது. நெல் கொட்டிவைக்கும் மண்குதிர். அதில் அடுத்த பட்டத்துக்கு வைத்திருந்த விதைநெல். குலுக்கையின் அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு துவாரம் உண்டு, நெல் எடுக்க. அதைத் திறந்துவிட்டு மூட்டை பிடித்தார்கள். நெல் பொறுமையாக விழுந்தது. பெரியப்பாவுக்குப் பொறுமை இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "எப்பம் கடக்கும்னு சொன்னான்?" என்றார்.

"காலைக்குள்ள, பெரியப்பா."

காலைக்குள் என்றால் இப்போதே வந்தாலும் வரும் என்று அவர் எடுத்துக்கொண்டார். கடப்பாரையை எடுத்துக் குலுக்கையின் வயிற்றில் ஓங்கி ஓர் இடி. நெல் சரிந்து வீடெல்லாம் ஓடியது. மூட்டைகளை மண்டபத்துக்குக் கொண்டுபோனபோது உள்ளே இடம் இல்லை. வெளிப்படியில் அடுக்கிப் பாயைப் போட்டு மூடினார்கள்.

இரவு முழுவதும் தூறிக்கொண்டிருந்தது. காற்று நாலு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

விடிந்தபோது எல்லாரும் மண்டபத்து விளிம்பில் நின்று மேற்கே பார்த்தோம். கரை இருந்த இடத்தில் இருந்தது. அதன்மேல் ஒரு நீர்க்காகம் இரண்டு சிறகையும் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

அந்நேரம் தபால்காரர் சைக்கிளில் வந்தார். எங்கள் கூட்டத்தையும் கோழிகளையும் பார்த்து ஒரு காலை ஊன்றி நின்றார்.

"என்ன அண்ணாச்சி, மண்டபத்துல கல்யாணமா?"

பெரியப்பா விஷயத்தைச் சொன்னார். தபால்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "புயல் கரையைக் கடக்கும்னா கடல்கரைலா அண்ணாச்சி! அது எங்கேயோ வடக்க போய்க் கடந்துட்டாம். நம்ம குளத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" மணியை அடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே போனார். சாலைத் திருப்பம் வரைக்கும் அந்தச் சிரிப்பு கேட்டது.

பெரியப்பா படியில் இறங்கி மூட்டைமேல் கிடந்த பாயை விலக்கினார். அடி மூட்டைகள் நனைந்து உப்பியிருந்தன. ஒரு பிடி நெல்லை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னைத் தேடினார். நான் அம்மாவுக்குப் பின்னால் இருந்தேன்.

"பொட்டப்புள்ளயப் படிக்க வச்சா இதான். வெதநெல்லு போச்சு, குலுக்கை போச்சு. ஊரே சிரிக்குது. போதும். இன்னையோட பள்ளிக்கூடம் நின்னுது."

அம்மாவின் முதுகு விறைத்ததை என் நெற்றியில் உணர்ந்தேன். அப்பா ஊரில் இல்லை. இருந்திருந்தாலும் பேசியிருக்கமாட்டார். தெருவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் பார்த்த அதே கண்கள். பூமி பிளந்தால் போதும் என்று இருந்தது, அல்லது அந்தக் கரை இப்போதாவது உடைந்தால்.

அப்போதுதான் மேலவீட்டு அத்தை சோற்றுப்பானையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"புள்ளய ஏன் அண்ணாச்சி வையுதிய? அது கரையைக் கடக்கும்னு கேட்டதை அப்படியே வந்து சொல்லிச்சு. குளத்துத் தண்ணின்னும் கரை உடையும்னும் சொன்னவ நானுல்லா."

"நீயா?"

"நாந்தான். கூறுகெட்டவ. ரேடியாவைக் கண்டேனா, கடலைக் கண்டேனா? எனக்குத் தெரிஞ்ச கரையைச் சொன்னேன்."

அம்மா "மதினி..." என்று ஆரம்பித்தாள். அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ புள்ளைக்குப் பாலைக் குடு தாயி, அழுதுல்லா" என்றாள். கைப்பிள்ளை அப்போது தூங்கிக்கொண்டிருந்தது.

பெரியப்பா அவளைச் சத்தம்போட்டார். நிறைய நேரம் சத்தம்போட்டதில் என் பள்ளிக்கூடப் பேச்சு அப்படியே விட்டுப்போயிற்று. அவள் தலையைக் குனிந்து நின்று கேட்டாள். யாரோ, "அட கரைக்காரி!" என்றார்கள். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் பெயர் அதுதான். கரைக்காரி வீடு, கரைக்காரி மாடு.

பெரியப்பாவின் குலுக்கையை அவளே திரும்பச் செய்துகொடுத்தாள். தெருவில் மண்ணைக் கொட்டி, வைக்கோல் கலந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதிப்பாள். ஒரு வளையம் வைத்து, அது காய்ந்தபின் அடுத்த வளையம். நான் பையை மாட்டிக்கொண்டு அவளைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகவேண்டும். முழங்கால்வரை சேற்றோடு நிமிர்ந்து, "ஏட்டி, இன்னைக்கு என்ன பாடம்?" என்று கேட்பாள். நான் காதில் விழாதவளைப் போல வேகமாக நடப்பேன். அதற்கப்புறம் அவள் வீட்டுக்குப் படிக்கக் காகிதம் கொண்டுபோகவில்லை. அம்மா வீட்டில் எது செய்தாலும் முதல் கரண்டியை எடுத்து அத்தைக்குக் கொடுத்தனுப்புவாள். அதை வாசல்படியில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். ஏன் முதல் கரண்டி என்று நான் கேட்டதில்லை.

இரவில் படுத்துக்கொண்டு இதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். அத்தைக்கு மறதி. நான் சொன்னதைத் தான் சொன்னதாக நினைத்துக்கொண்டாள். படிக்காதவள்தானே, யார் எதைச் சொன்னார்கள் என்பதெல்லாம் குழம்பிப்போயிருக்கும். இந்த விளக்கம் எனக்கு வசதியாக இருந்தது. ஐந்தாம் வகுப்பு முடிந்து ஆறுக்குப் போனேன். பெரியப்பா கையில் காரணம் எதுவும் இல்லாததால் யாரும் தடுக்கவில்லை. விளக்கம் என்னோடேயே வளர்ந்து உயர்நிலைப்பள்ளிக்கும் ஆசிரியப் பயிற்சிக்கும் வந்தது.

போன கார்த்திகையில் விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது நான் டீச்சர். பெரியப்பா வீட்டிலேயே ரேடியோ வந்துவிட்டது. அந்தக் குலுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பலகை அடித்து அதன்மேல் வைத்திருக்கிறார். மாலைச் செய்திக்குத் தெருவே அங்கே கூடும். நான் போனதும் பெரியப்பாவே எழுந்து நாற்காலி போட்டார். "எங்க வீட்டு டீச்சர்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். செய்தியில், வங்கக் கடலில் உருவாகியிருக்கும் புயல் நாளை கரையைக் கடக்கும் என்று வாசித்தார்கள்.

கூடத்துத் தூணோரம் மேலவீட்டு அத்தை உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. செய்தி முடிந்து எல்லாரும் எழுந்து கலையும்வரை காத்திருந்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, என் அருகில் வந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"ஏட்டி டீச்சரு, இது எந்தக் கரை?"

பல்லில்லாத வாய் நிறையச் சிரிப்பு. பக்கத்தில் பெரியம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அம்மா காதில் விழாதவளைப் போல வாசலுக்கு நடந்தாள்.

அவர்களுக்கெல்லாம் தெரியும். தெருவில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கிறது. அன்று நான் வீட்டுக்கு வீடு போய் என் வாயாலேயே சொல்லிவிட்டு வந்த செய்தி அது. பெரியப்பாவைத் தவிர மண்டபத்தில் நின்ற அத்தனை பேரும் அதை என்னிடம்தான் கேட்டிருந்தார்கள். அத்தை "நாந்தான்" என்றபோது, அவர்களில் ஒருவர்கூட மறுத்துச் சொல்லவில்லை. கரைக்காரி என்று அவளைக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். பெரியப்பாவின் காதில் விழும்படி, சத்தமாக.

பையை மாட்டிக்கொண்டு சேற்றைத் தாண்டி ஓடிய அந்தப் பெண், அத்தனை பேரையும் ஏமாற்றிவிட்டதாக நினைத்துத்தான் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.