அக்காவுக்குப் பச்சை பேட்ஜ்

அரியலூரில் நான் படிக்கும் பி.எட். கல்லூரியில் போன வாரம் அந்தப் பாடம் வந்தது. அறிவு ஒன்றல்ல, எட்டு வகை. ஒரு பிள்ளைக்கு எழுத்தில் இருக்கும், இன்னொரு பிள்ளைக்குக் கையில் இருக்கும், அவரவர் வழியில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மேடம் கரும்பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டு விளக்கினார். வகுப்பே தலையாட்டியது. நான் ஆட்டவில்லை. கொள்கை மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல கொள்கைதான். அது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது என்ன ஆனது என்று பார்த்தவள் நான்.

பாடாலூர்ப் பக்கம் மெயின்ரோட்டை ஒட்டிய தனியார் பள்ளி அது. அக்காவும் நானும் ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். மதிப்பெண் போதவில்லை என்று ஒன்பதிலேயே இன்னொரு வருடம் உட்கார வைத்திருந்தார்கள். எழுத்து அவளுக்கு வசப்படவே இல்லை. ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஆனால் யாராவது வாசித்துக் காட்டினால் ஒரு தடவை போதும், அப்படியே திருப்பிச் சொல்லுவாள். வாசித்துக் காட்டத்தான் அங்கே யாருக்கும் நேரமில்லை.

அந்த வருடம் எங்கள் கரஸ்பாண்டென்ட் திருச்சியில் ஏதோ ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்தார். வரும்போது ஒரு பெட்டி நிறைய பேட்ஜ் வாங்கிவந்தார். எட்டு வகை அறிவுக்கு எட்டு நிறம். யாருக்கு எது என்று கண்டுபிடிக்க ஒரு தேர்வு வைத்தார்கள். நான்கு பக்கம், நாற்பது கேள்வி, அரை மணி நேரம். நாமே படித்து நாமே டிக் அடிக்க வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிற பிள்ளைக்கு எந்த வழியில் பாடம் ஏறும் என்று கண்டுபிடிக்க, அவள் கையில் நான்கு பக்கம் அச்சடித்த தாளைக் கொடுத்த அந்த மூளையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் பக்கம் முழுக்க ஓடப் பிடிக்குமா, குதிக்கப் பிடிக்குமா, கைவேலை பிடிக்குமா என்ற கேள்விகள். அக்கா அந்த ஒரு பக்கத்தைத்தான் முடித்தாள். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று டிக் அடித்திருந்தாள். கணக்கும் இசையும் மற்றதும் அடுத்த பக்கங்களில் இருந்தன. அவை வெள்ளையாகவே இருந்தன. ஆகவே அக்காவுக்கு இருப்பது உடல் அறிவு மட்டும் என்று முடிவாகி, பச்சை பேட்ஜ் கிடைத்தது. எனக்கு மொழி அறிவு, நீல பேட்ஜ். வீட்டுக்கு வந்து சீருடையை மாற்றிய பிறகும் பாவாடை சட்டையில் அதைக் குத்திக்கொண்டு திரிந்தேன்.

அதன் பிறகு கணக்கு வகுப்பு வந்தால் பச்சைகள் எல்லாம் மைதானத்துக்குப் போக வேண்டும். கபடிக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது, பெஞ்சு தூக்குவது, ஆண்டு விழாவுக்கு நாற்காலி அடுக்குவது. அதற்குப் பெயர் செயல்வழிக் கல்வி.

“ஏன்டி, கணக்கு நடத்தறப்ப மட்டும் என்னைய ஏன் வெளிய அனுப்புறாங்க?” என்று ஒருநாள் அக்கா கேட்டாள். கணக்கிலிருந்து தப்பிக்கிற அதிர்ஷ்டம் எனக்கு இல்லையே என்று நான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சின்ன வெங்காயம் அறுவடை முடிந்து அப்பாவும் அக்காவும் வயலில் பட்டறை போட்டார்கள். கல் வைத்து, அதன்மேல் கழிகளைப் பரப்பி, இரண்டு பக்கமும் தட்டி கட்டி, உள்ளே வெங்காயத்தைக் கொட்டி, மேலே கூரை வேய்வார்கள். விலை ஏறும்வரை மாதக்கணக்கில் அதில் கிடக்கும். நான் வரப்பில் உட்கார்ந்து வீட்டுக்கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பெட்டிகளுக்குக் கொள்ளளவு ஒன்றாக இருக்கும்போது புறப்பரப்பு மட்டும் எப்படி மாறும் என்பது எனக்கு ஏறவே இல்லை.

“கேள்விய வாசி” என்றாள் அக்கா. வாசித்தேன்.

“இதுல என்னடி இருக்கு? இந்தப் பட்டறைய நீளத்தக் குறைச்சு அகலமாப் போட்டாலும் இதே வெங்காயந்தான் கொள்ளும். ஆனா நடுவுல கெடக்குறது காத்தில்லாம அழுகிப்போயிடும். அதான் அப்பா அகலத்தக் குறைச்சு நீளமா இழுக்குறாரு. வெங்காயம் அதேதான், வெளிப்பக்கம் கூடிப்போச்சுல்ல?”

சட்டென்று விளங்கிவிட்டது. அரையாண்டுத் தேர்வில் அந்தக் கேள்வி வந்தது, ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். வெங்காயத்தை வைத்து விளக்கியிருக்கிறாயே, யார் சொல்லிக்கொடுத்தது என்று கணக்கு டீச்சர் கேட்டபோது, நானே யோசித்தேன் டீச்சர் என்றேன். அக்கா அப்போது மைதானத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தாள். அதே தேர்வில் அவள் பாதிக் கேள்விகளைக்கூடப் படித்து முடிக்கவில்லை.

வருட முடிவில் அப்பாவை வரச்சொல்லி ஆள் வந்தது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு அப்பா ஆபீஸ் ரூமுக்குள் நின்றார். அக்காவும் நானும் அவர் பின்னால் நின்றோம். கரஸ்பாண்டென்ட் வாய் நிறையத் தேனோடு பேசினார்.

“உங்க பெரிய பொண்ண நாங்க மக்குன்னு சொல்லலைங்க. அவளுக்கு அறிவு கைகால்ல இருக்கு. பத்தாவதுல போட்டு அவள வதைக்க வேணாமே. டி.சி. வாங்கிட்டுப் போயி ஒரு கைத்தொழில்ல விடுங்க.”

பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று ரோட்டோரம் அவர்கள் வைக்கும் பேனரில் அக்காவுக்கு இடமில்லை. விஷயம் அவ்வளவுதான். முன்பெல்லாம் மக்கு என்று சொல்லித் துரத்துவார்கள், இப்போது அதற்கு நல்ல பெயர் கிடைத்திருந்தது.

“மக்குன்னு சொல்லலல்ல சார்?” என்று அப்பா இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு நிம்மதிகூட வந்தது. அதை நினைக்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் தாங்குவதில்லை.

“நான் பத்தாவது எழுதுறேன்ப்பா” என்றாள் அக்கா. மெதுவாகத்தான் சொன்னாள். “வேற பள்ளிக்கூடத்துல பாத்துக்கலாம்மா” என்றார் அப்பா. அந்த வேறு பள்ளிக்கூடம் கடைசிவரை வரவே இல்லை. இன்றைக்கு ஊரில் பட்டறை போடுகிறவர்கள் அகலம் எவ்வளவு வைக்கலாம் என்று அக்காவைத்தான் கேட்கிறார்கள். எந்தப் படிவம் வந்தாலும் படிப்பு என்ற இடத்தில் அவள் ஒன்பதாம் வகுப்பு என்று எழுதச் சொல்கிறாள்.

அன்றைக்கு டி.சி. கேட்டுப் பெற்றோர் விண்ணப்பம் தர வேண்டியிருந்தது. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். “சின்னவ மொழி அறிவாச்சே, அவளே எழுதட்டும்” என்று சிரித்தபடி கரஸ்பாண்டென்ட் வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். பள்ளியில் எத்தனையோ கட்டுரை எழுதியிருக்கிறேன், அவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் கோடு போட்டதுபோல் நேராக வந்தது. ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளைத் தொடர்ந்து படிக்க வைக்க இயலவில்லை’ என்று எழுதச் சொன்னார், எழுதினேன். அப்பா அடியில் கையெழுத்துப் போட்டார். ஒரு பிழைகூட இல்லை என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார் கரஸ்பாண்டென்ட்.

“என்னடி எழுதுன, வாசி” என்றாள் அக்கா. பேச்சுப்போட்டி போல் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினேன்.

ஒரு தடவை கேட்டால் அவளுக்குப் போதும்.

“நம்ம வூட்டுல என்னடி சூழ்நிலை?” என்று கேட்டாள்.

“லெட்டர்ல அப்படித்தான்க்கா எழுதுவாங்க” என்று சொல்லிவிட்டு, விட்டுப்போன ஒரு முற்றுப்புள்ளியை வைப்பதற்காகத் தாளின் மேல் குனிந்தேன். நான் நிமிரும்வரை அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையெழுத்தைத்தான் ரசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.