நாலு அங்குலம் உயர்ந்த ஜீப்

தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பது அவர் தொழில். ஊரே அவரை ‘மோட்டார்’ என்றுதான் கூப்பிடும். மனைவி கணக்கு டீச்சர். வீட்டிலும் அவளை ‘டீச்சர்’ என்றுதான் அழைப்பார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் டீச்சருக்கு ஒரு கால் சூம்பிப்போயிருந்தது. படிக்கட்டைக் கண்டாலே யாராவது கைகொடுக்க ஓடி வருவார்கள். அவளுக்கு அது அறவே பிடிக்காது. மோட்டாரின் பழைய ஜீப்பில் மட்டும் தானாக ஏறுவாள். கதவோரக் கம்பியைப் பிடித்து, நல்ல காலை ஊன்றி, ஒரே எம்பு. பதினோரு வருஷமாகப் பள்ளிக்கூடத்துக்கு அப்படித்தான் போய்வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப் வைத்திருக்கும் சிலர் சேர்ந்து ஆற்றோரம் போவார்கள். பாறையிலும் சேற்றிலும் வண்டியை ஏற்றிப் பார்ப்பது அவர்களுக்கு ஒரு பைத்தியம். ஒருநாள் மோட்டாரின் ஜீப் வயிறு தட்டி ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டது. சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை.

“மோட்டார் ஜீப் ஓட்டல, தவளை வளர்க்கிறாருப்பா!” என்றார் கூட வந்திருந்த பேக்கரிக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கூடவே சிரித்துவைத்தார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே பழைய லிஃப்ட் கிட் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினார். கனத்த ஸ்பிரிங் பட்டைகள், நீளமான ஷாக் அப்சார்பர்கள், யூ போல்ட்டுகள். மாட்டினால் வண்டி நாலு அங்குலம் உயரும். விற்றவர் ஓய்வுபெற்ற சர்வேயர். மோட்டார் ஒவ்வொரு பட்டையிலும் டார்ச் அடித்து விரிசல் தேடினார். ரப்பர் புஷ்களை நகத்தால் கீறிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை.

“நல்லாத்தானே இருக்கு, ஏன் சார் கழட்டிட்டீங்க?”

“எங்கம்மாவால ஏற முடியலப்பா.”

“ஒரு ஏணி வாங்கிக் குடுத்திருக்கலாமே!” என்று மோட்டார் சிரித்தார். சர்வேயர் சிரிக்கவில்லை. சாக்கின் வாயைக் கட்டிக் கையில் கொடுத்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மல்லுக்கட்டல்தான். துருப்பிடித்த போல்ட்டுகளில் டீசல் ஊற்றி ஊறவைத்து, ஸ்பானரின் மேல் ஏறி நின்றெல்லாம் கழற்றினார். டீ கொண்டுவந்த டீச்சர் ஜாக்கியில் நின்ற வண்டியைப் பார்த்தாள்.

“எவ்வளவு ஒசரும்?”

“நாலு அங்குலம்!”

“ம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பிரேக் ஹோஸ் நீளம் பத்துமா என்ற யோசனையில் இருந்தவர் காதில் அந்த ‘ம்’ விழவேயில்லை. கழற்றிய பட்டைகளை அன்று மாலையே பழைய இரும்புக்குப் போட்டார்.

திங்கட்கிழமை வாசலில் டீச்சர் கம்பியைப் பிடித்து எம்பினாள். கால் எட்டவில்லை. மறுபடி எம்பினாள், வழுக்கியது. எதிர்வீட்டுக்காரர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மோட்டார் பதறி இறங்கி ஓடி, இடுப்பில் கைபோட்டு, அரிசி மூட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கி உட்காரவைத்தார். பள்ளி வாசலில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் மறுபடி தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. இறங்கியதும் சேலையைச் சரிசெய்துகொண்டு, “நாளையிலேர்ந்து பஸ்ல போயிக்கிறேன்” என்றாள்.

சர்வேயரின் முகம் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அந்த மனுஷர் காரணத்தைக் கையில் கொடுத்தே விற்றிருக்கிறார். இவர்தான் பல்லைக் காட்டிவிட்டு வந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு ஆற்றோரம் எல்லாப் பாறையும் ஏறினார். கைதட்டினார்கள். காது கூசியது. வீட்டுக்கு வந்து இரும்பில் மடக்குப் படி ஒன்று செய்து டீச்சரிடம் காட்டினார். அவள் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினாள்.

“படி நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு வருத்தம் ஏற முடியலங்கிறதுல இல்லீங்க. ரெண்டு நாள் அளந்து அளந்து மாட்டினீங்க. ஒரு தடவையாவது என் கால் ஞாபகம் வந்துச்சா?”

வந்தது என்று பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். “வரல” என்றார். தலை நிமிரவில்லை.

மறுநாள் இரும்புக்கடைக்கு ஓடினார். இரண்டு பட்டைகள்தான் மிஞ்சியிருந்தன. மற்ற இரண்டை வேறொரு வண்டியிலிருந்து தேடிப் பிடித்தார். கிட்டை வாங்கிக்கொள்ள பேக்கரிக்காரரே வந்தார்.

“ஏன் மோட்டார், நல்லாத்தானே ஓடிச்சு?”

சர்வேயர் மாதிரி ஒரே வரியில் உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “டீசல் ரொம்பக் குடிக்குதுப்பா” என்றார். ஜன்னலுக்குள் டீச்சர் இருந்தாள். கேட்டிருப்பாள்.

ஜீப் இப்போது பழைய உயரம்தான். பட்டை மாறியதால் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்கிறது. டீச்சர் தானாக ஏறுகிறாள். செவ்வாயும் வெள்ளியும் மட்டும், ஒன்றும் சொல்லாமல் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துபோகிறாள். அந்த டீசல் பொய்யைச் சொன்ன பிறகு, ஏன் என்று கேட்க இன்றுவரை அவருக்கு முகமில்லை.