ஒரு தொழிலாளியின் கவனக்குறைவு

1. வயிறு உப்பிய செய்தி

மெட்ராஸிலிருந்து டிரங்க் கால் வந்தபோது நான் ஆபீஸ் அறையில் காலை நீட்டிக்கொண்டு ஒரு வெளிநாட்டு முதலாளியின் வாழ்க்கைக் கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் தன் நான்காவது தொழிற்சாலையைத் திறந்துகொண்டிருந்தார். போனில் பேசியவர் துறைமுகத்துக் குடோன் கிளார்க்.

"சித்தூர் மாம்பழக் கூழு கம்பெனியா? உங்க டின்னுங்கல்லாம் வயிறு உப்பிக்கினு நிக்குதுய்யா. ரெண்டு வெடிச்சே பூட்சி. கப்பல்ல ஏத்த மாட்டேன்றாங்க."

"எத்தினி டின்னு சார்?"

"எண்ணிக்கினு நின்னா என் மூக்கு இன்னாத்துக்கு ஆவறது? வந்து பாரு."

நான் படித்த புத்தகங்களில் இப்படி ஒரு செய்தி வந்தால் முதலாளி ஒரு நிமிடம் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார். பிறகு நிதானமாக ஒரு முடிவெடுப்பார். நானும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாங்கொட்டைக் குவியல் மேல் நின்றிருந்த பன்றி ஒன்று என்னைப் பார்த்தது. எனக்கு முடிவு எதுவும் வரவில்லை. பேதி வந்தது.

அன்று மத்தியானத்துக்குள் நான்கு முறை போனேன். வாட்ச்மேன் எனக்குக் காலரா என்று நினைத்து, சுண்ணாம்புப் பொடி தூவ ஏற்பாடு செய்தான்.

2. மொட்டைகள் விட்டுப் போன புத்தகங்கள்

எழுபதுகளின் நடுவில் சித்தூருக்கு வெளியே இருந்த அந்தத் தொழிற்சாலையில் நான் டைம் கீப்பராகச் சேர்ந்து, இருபத்தொன்பது வயதில் ஷிப்ட் சூப்பர்வைசர் ஆனேன். சீசன் மே கடைசியில் தொடங்கும். பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். பழுக்க வைத்து, கழுவி, பெண்கள் மேஜையில் வெட்டித் தோல் சீவுவார்கள். பல்ப்பர் மெஷின் அதைக் கூழாக்கும். கூழைக் கொதிக்கக் கொதிக்க டின்னில் ஊற்றி, சீமர் மெஷினில் மூடியை மடித்து, வெந்நீரில் வேகவைத்து, பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் ஆறவைப்போம். இரண்டு வாரம் குடோனில் அடுக்கி வைத்த பிறகே லாரியில் ஏற்றுவது வழக்கம்.

வார லீவில் நான் பஸ் பிடித்துத் திருப்பதி போவேன். சாமிக்காக அல்ல, ஸ்டேஷன் பக்கத்துப் பழைய பேப்பர் கடைக்காக. பம்பாயிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் மலைக்கு வரும் வியாபாரிகள் ரயிலில் படிக்க ஒரு பிசினஸ் புத்தகம் கொண்டுவருவார்கள். முடியைக் கொடுத்துவிட்டுப் போகும்போது சத்திரத்துக் கட்டிலுக்கடியில் புத்தகத்தையும் விட்டுவிடுவார்கள். கூட்டுகிறவர்கள் அதை எடைக்குப் போடுவார்கள். அப்படி வந்ததுதான் என் கல்வி.

எல்லாப் புத்தகத்திலும் முதல் முப்பது பக்கத்துக்குச் சிவப்புப் பென்சிலால் கோடு இருக்கும். பிறகு இருக்காது. அவர்களும் அதற்கு மேல் படிக்கவில்லை. அவர்கள் கோடு போட்ட வரிகளை மட்டும் நான் படித்தேன். அனுபவசாலிகள் பொறுக்கி வைத்ததைப் படித்தால் போதாதா?

அந்தக் கதைகள் எல்லாவற்றிலும் ஒருவன் இருந்தான். பெரும்பாலும் நானே. ஏழை, கெட்டிக்காரன், யாரும் மதிக்காதவன். ஒரு நாள் எழுந்து நின்று எல்லோரும் கண்டுகொள்ளாத ஒன்றைக் கண்டுபிடிப்பான். என்னிடம் பாக்கி இருந்தது அந்தக் கண்டுபிடிப்பு மட்டுமே.

3. மச்சானுடைய வாட்ச்

ஒரு புத்தகத்தில் சிவப்புக் கோடு இரட்டையாக இருந்தது. அந்த முதலாளி கையில் வாட்சோடு தொழிற்சாலைக்குள் இறங்கி ஒவ்வொருவரிடமும் "இதை ஏன் செய்கிறாய்?" என்று கேட்கிறார். பலன் காட்ட முடியாத வேலையை அன்றே நிறுத்துகிறார். லாபம் இரட்டிப்பாகிறது.

என்னிடம் வாட்ச் கிடையாது. புத்தூரில் இருந்த மச்சானுடையதை இரவலாகக் கட்டிக்கொண்டு வந்தேன்.

குடோனில் எஸ்தரக்கா டின் தட்டிக்கொண்டிருந்தார். சித்தூர் மிஷன் சபையைச் சேர்ந்தவர். நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தி. கையில் சாணளவு மரக்குச்சி. அடுக்கிய டின் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தட்டு. நான் டைம் கீப்பராக இருந்தவரை என்னைத் 'தம்பி' என்றார். சூப்பர்வைசர் ஆன மறுநாள் அவராகவே 'சார்' ஆக்கிக்கொண்டார்.

"எதுக்குக்கா இத தட்டற?"

"சத்தம் கேக்கறதுக்கு சார்."

"கேட்டு?"

"நல்ல டின்னு கணீர்னும். மூடி சரியா மடியாதது தொப்புனும். அத தள்ளி வெச்சிடுவேன். இல்லாட்டி உள்ள காத்து பூந்து ஊதிக்கும்."

நான் வாட்சைப் பார்த்தேன். எதற்கென்று எனக்கும் தெரியாது. புத்தகத்தில் அவர் பார்த்திருந்தார்.

"நேத்து எத்தினி தள்ளுன?"

"ஒன்னும் இல்ல."

"மொந்தாநேத்து?"

"ஒன்னும் இல்ல சார். மெஷினு நல்லா ஓடுது."

"அப்ப ரெண்டு நாளா நீ ஒன்னும் பண்ணல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வாட்ச்மேனு கூடத்தான் ரெண்டு நாளா திருடன் புடிக்கல. அனுப்பிடுவியா சார்?"

பக்கத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லையென்றால் நான் ஒருவேளை யோசித்திருப்பேன். புத்தகத்தில் யாரும் அந்த முதலாளியைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையிலிருந்து எஸ்தரக்காவைக் கட்டிங் மேஜைக்கு மாற்றினேன். வாயால் சொன்னதோடு சரி. யாருக்கு எங்கே வேலை என்று எழுதும் மஸ்டர் ரோலில் திருத்தி எழுதவில்லை. மாதக் கடைசியில் லாபத்தோடு சேர்த்து முதலாளியிடம் காட்டி அசத்தலாம் என்று இருந்தேன். அதே வாரம் சீமர் மெஷினில் மூடியை மடிக்கும் உருளை ஒன்று தேய்ந்தது. கண்ணுக்குத் தெரியாத தேய்மானம். சத்தத்தில் மட்டும் தெரிந்திருக்கும். கேட்க ஆளில்லை. உப்பல் வெளியே தெரியுமுன் சரக்கு மெட்ராஸ் போயிற்று.

4. விரல்கள்

முதலாளி கெட்டவர் அல்ல. தெலுங்கில் கோபப்பட்டு, தமிழில் சமாதானம் ஆகிறவர். அன்று தமிழில் பேசியும் சமாதானம் ஆகவில்லை. அவர் அறையில் நான், எதிரில் அவர், மேஜை மேல் மெட்ராஸிலிருந்து வந்த உப்பிய டின் ஒன்று. அது எப்போது வெடிக்குமோ என்று எனக்கு ஒரு பக்கம் பயம்.

"ஏமய்யா ஏகாம்பரம், எவரு? யார் பண்ண வேல இது?"

பொய் சொல்ல வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை. திட்டம் போடுகிற அளவுக்கு அன்று எனக்கு மூளை வேலை செய்யவில்லை. வாய் மட்டும் செய்தது.

"டின்னு தட்டறது சரியா நடக்கல சார்."

கவனியுங்கள், அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. தட்டவே ஆளில்லாதபோது எப்படிச் சரியாக நடக்கும்? பிற்பாடு பல வருஷம் இதைச் சொல்லியே தூங்கினேன்.

முதலாளி மஸ்டர் ரோலைப் புரட்டினார். 'எஸ்தர் – டின் தட்டுதல்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. கூப்பிட்டு அனுப்பினார்.

எஸ்தரக்கா கட்டிங் மேஜையிலிருந்து அப்படியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். கத்தவில்லை.

"நான் அந்த வாரம் குடோன்லயே இல்ல நைனா. பழம் அரிஞ்சிக்கினு இருந்தேன்."

"யார் சொன்னது அரியச் சொல்லி?"

அவர் என் பக்கம் திரும்பினார். முதலாளியும் திரும்பினார். நான் டின்னைப் பார்த்தேன். 

"ஆள் கொறைஞ்சா நடுவுல நடுவுல அங்கயும் போவாங்க சார்" என்றேன்.

எஸ்தரக்கா மேஜைக்குக் கிட்டே வந்தார். இரண்டு கைகளையும் விரித்து மேஜை மேல், அந்த டின்னுக்குப் பக்கத்தில் வைத்தார். மாம்பழப் பால் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்திருந்தது. நகங்கள் கறுத்திருந்தன. கட்டை விரலில் கத்தி வெட்டு இரண்டு. மரக்குச்சி பிடிக்கிற கைக்கு இதெல்லாம் வராது. நாள் முழுவதும், வாரக்கணக்கில் பழம் அரிந்தால்தான் வரும். தொழிற்சாலையில் எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

முதலாளிக்குத் தெரியாது. அவர் பழத்தைக் கணக்கில் பார்த்தவர். கையில் பார்த்தவர் அல்ல. "கைய எடும்மா, பேப்பர் அழுக்காவுது" என்றார்.

எஸ்தரக்கா கையை எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே அவரை நிறுத்தினார்கள். சித்தூரைச் சுற்றி இருந்த கூழ் கம்பெனிகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்பவை. 'டின் ஊதவிட்ட பொம்பளை' என்ற பெயர் அவருக்கு முன்னால் எல்லாக் கம்பெனி வாசலுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த சீசனிலும் அடுத்த சீசனிலும் யாரும் உள்ளே விடவில்லை.

குடோனுக்கு வேறு ஒரு பெண்ணை, அதே குச்சியோடு, நானே நியமித்தேன். என் முன்யோசனையை முதலாளி பாராட்டினார்.

5. என் மொட்டை

பயத்தில் வேண்டிக்கொண்டிருந்ததால் மலைக்குப் போய் மொட்டை போட்டேன். சத்திரத்துக் கட்டிலுக்கடியில் அந்த வாட்ச் முதலாளியின் புத்தகத்தை விட்டுவிட்டு வந்தேன். தொலைந்தது என்று இருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பழைய பேப்பர் கடைக்காரர் அதே புத்தகத்தை என்னிடம் நீட்டினார். தலையில் முடி இல்லாததால் என்னை அடையாளம் தெரியவில்லை.

"நல்ல புக்கு சார். பெரிய மனுசன் யாரோ படிச்சது. எவ்ளோ கோடு போட்டுக்கீறாரு பாருங்க."

சிவப்புக் கோடுகளுக்கு நடுவில் நான் போட்ட நீலக் கோடுகளும் இருந்தன. வாங்கிக்கொண்டேன். இந்த முறை கோடில்லாத பக்கங்களையும் படித்தேன். எழுபதாவது பக்கத்துக்கு மேல் ஓரிடத்தில் அவருடைய தொழிற்சாலையிலும் ஒரு சரக்கு கெட்டுப்போகிறது. 'கவனக்குறைவான ஓர் ஊழியரால்' என்று ஒரே வரி. அடுத்த வரியில் அவர் மறுபடி ஜன்னல் வழியே பார்க்கிறார்.

6. பத்தாம் ஆண்டு

கம்பெனிக்குப் பத்து வருஷம் ஆனதும் முதலாளி ஒரு மலர் போட முடிவு செய்தார். தெலுங்கில் ஒரு வாத்தியார் எழுதினார். மெட்ராஸ் வியாபாரிகளுக்காகத் தமிழில் நான்.

"நீதான் இந்த மாதிரி கதையெல்லாம் நெறைய படிப்பியே. அந்த ஸ்டைல்ல எழுது. டின்னு ஊதுன விசயத்தையும் போடு. கஷ்டம் வந்தாதான் கதைக்கு நல்லா இருக்கும்."

மூன்று நாள் எழுதிப் பார்த்தேன். நடந்ததை எழுதினால் என் வேலை போகும். விட்டுவிட்டால் முதலாளி கேட்பார். கடைசியில் கை தானாக எழுதியது: 'ஒரு தொழிலாளியின் கவனக்குறைவால் ஏற்றுமதிச் சரக்கு முழுவதும் கெட்டது. ஆனாலும் முதலாளி மனம் தளரவில்லை.' எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? அத்தனை வருஷம் படித்ததன் பலன். முதலாளிக்கு அந்த வரி மிகவும் பிடித்தது. மலரைச் சுற்றுப்பட்டுப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்பினார்.

சில மாதம் கழித்துச் சித்தூர் மார்க்கெட் பின்னால் ஒரு புளி மண்டியில் எஸ்தரக்காவைப் பார்த்தேன். பத்துப் பெண்களோடு உட்கார்ந்து கட்டையால் தட்டிப் புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நழுவப் பார்த்தேன், அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், நல்லா கீறியா?"

"நீ எப்பிடிக்கா இருக்க?"

"தட்டிக்கினுதான் கீறேன்." பக்கத்துப் பெண் சிரித்தாள். எஸ்தரக்கா கட்டையைக் கீழே வைத்தார். "எம்பொண்ணு டீச்சராயிட்டா. அவ ஸ்கூலுக்கு உங்க பொஸ்தகம் வந்துச்சாம். படிச்சிக் காட்னா."

 "உன் பேர நான் போடலக்கா" என்றேன். பெரிய உபகாரம் செய்தவன் மாதிரி.

"அதான் சார் கேக்கறேன். பேரு போட்டிருந்தா, இது நான் இல்லன்னு வந்து சண்டையாவது போட்டிருப்பேன். 'ஒரு தொழிலாளி'ன்னு போட்டுட்ட. நான்தான்னு ஊருக்கே தெரியும். நான் இல்லன்னு யாராண்ட போயி சொல்றது?"

 "எப்பவாச்சும் நடந்தத எழுதறேன்க்கா. பேரு போட்டு" என்றேன். சும்மா வாய்க்கு வந்தது.

அவர் கட்டையை எடுத்துக்கொண்டார். "போடறதுன்னா ரெண்டு பேரு பேரையும் போடு."

அதற்குப் பிறகும் நான் ஆறு சீசன் அதே கம்பெனியில் சம்பளம் வாங்கினேன். எழுதவில்லை. இப்போது வேலையை விட்டாயிற்று. இனி நிறுத்த ஆளில்லை என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை.

இன்றும் முதலாளிகளின் கதைகளைப் படிக்கிறேன். விட முடியவில்லை. பென்சில் மட்டும் வேறு இடத்தில் கோடு போடுகிறது. எந்தப் புத்தகமானாலும் கவனக்குறைவான ஊழியர் ஒருவர் ஏதோ ஒரு பக்கத்தில் ஒரே வரியில் வந்து போவார். அவருக்குப் பெயர் இருக்காது. தொழில் தொடங்கப் போகிற பிள்ளைகள் அந்த வரியில் நின்று, அந்த ஆள் அன்று எந்த மேஜையில் இருந்தார், அங்கே அனுப்பியது யார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மீதிப் பக்கங்களைப் படிக்காவிட்டாலும் நஷ்டமில்லை.

எங்கள் மலரில் அந்த வரி தப்பாக அச்சாகிவிட்டது. திருத்தம் இது: அந்த வாரம் எஸ்தர் கட்டிங் மேஜையில் பழம் அரிந்துகொண்டிருந்தார். டின் தட்டுவதை நிறுத்தியவன் ஏகாம்பரம்.