கவிழ்த்த பானை

மகன் டாரியஸை அடக்கம் செய்த மறுவாரமே லுவெல்லா, அமெரிக்காவில் இப்போது நினைவிடமாக இருக்கும் பழைய பருத்தித் தோட்டத்தில் தன் வழிகாட்டி வேலைக்குத் திரும்பிவிட்டாள். தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் அழுதுவிடக் கூடாது என்பதே அவள் வேண்டுதல்.

அடிமைகள் வாழ்ந்த குடிசை வாசலில் இரும்புப் பானையைக் கவிழ்த்து, ஓரத்தில் கல்லை அண்டக் கொடுத்தாள்.

"இப்படிக் கவுத்தா எப்படி மிஸ் சமைப்பீங்க?" என்று சிரித்தான் ஒரு பையன்.

"சமைக்க இல்லடா வாலு. எங்க ஜனங்க ஜெபம் பண்ணா முதலாளி சவுக்கத் தூக்குவான். சத்தத்தப் பானை முழுங்கிடும்னு நம்பி இதுக்குள்ளதான் அழுதாங்க. நீங்களும் மனசுல இருக்கறதச் சொல்லுங்க."

பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குனிந்து முணுமுணுத்தார்கள். கடைசியாக எழுந்த சிறுமி, "இப்ப நீங்க, மிஸ்" என்றாள்.

லுவெல்லா மண்டியிட்டாள். "டாரியஸ்" என்ற பெயர் மட்டும் வெளியே கேட்டது. பிறகு வந்ததையெல்லாம் பானை வாங்கிக்கொண்டது. அவள் முதுகு குலுங்குவதைப் பார்த்து, முதலில் சிரித்த பையன் தொப்பியைக் கழற்றினான்.