அடுத்த வாரம் மழை வரும்

பாயில் பரப்பியிருந்த மிளகைத் துழாவிக்கொண்டிருந்தபோது காதர் பாய் வந்தார். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலையேறி வந்து எங்கள் கொல்லிமலை அரியூர் நாட்டு ஊர்களில் வீடு வீடாக மிளகு வாங்குகிறவர். வந்ததும் ஒரு மிளகை எடுத்துக் கடிப்பார். "இன்னும் ஒரு வெயில் காயோணுமுங்க" என்று குறை சொல்வார். அன்றைக்கு அவர் கடிக்கவில்லை. பாயின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"உங்க சேத்தாளி சபூரா நேத்து குவைத்துல மவுத்தாயிருச்சுங்க" என்றார். "தூக்கத்துலியே போயிருச்சாம். வேல பாக்குற ஊட்டுலயே."

"இங்க எப்பக் கொண்டாராங்க?" என்று கேட்டேன்.

அவர் மிளகைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அதத்தான் ராத்திரியெல்லாம் பேசிக்கிட்டிருந்தாங்க. இங்க கொண்டாறதா, அங்கியே அடக்கம் பண்ணிடறதான்னு. மகன் ஜாபர் என்ன சொல்றானோ அதானுங்க."

ஜாபருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன், எடுக்கவில்லை. மிளகை அள்ளி வைக்கும்படி மருமகளிடம் சொல்லக்கூடத் தோன்றாமல், கட்டியிருந்த சேலையோடு போய் பஸ் ஏறினேன். சபூராக்கா எந்த மண்ணில் அடங்க ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும். அவள் அதை என்னிடம்தான் சொல்லியிருந்தாள். ஜாபர் முடிவு சொல்வதற்குள் நான் அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும்.

அவளை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். குவைத்தில் அந்தச் சந்தில் எங்களோடு குப்பை கொட்டிய பெண்கள் பலர் இப்போது ஊர் திரும்பியிருப்பீர்கள். சிலர் இன்னும் அங்கேயே இருப்பீர்கள். நான் எழுதுவதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாபகத்தில் பிழை இருக்காது.

என் வீட்டுக்காரர் மிளகுக்கொடி படர்ந்த சவுக்கு மரத்தில் ஏறி விழுந்து இடுப்பொடிந்து படுத்த வருஷம் நான் குவைத்துக்குப் போனேன். அனுப்பி வைத்த ஏஜென்ட்டின் பெயரை இங்கே எழுதமாட்டேன். அவன் பெயர் அச்சில் வருகிற மரியாதை அவனுக்கு வேண்டாம். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை என்று சொல்லி ஏற்றிவிட்டான். போய் இறங்கியது ஓர் அரபி வீட்டின் அடுப்படியில். அந்த வீட்டில் வெளிவாசலைத் தாண்ட எனக்கு இரண்டு வேலைகளுக்குத்தான் அனுமதி. ஒன்று, பின்சந்தில் போய்க் குப்பை கொட்டுவது. இன்னொன்று, குபூஸ் மாட்டுவது.

அந்த ஊர்க்காரர்கள் ரொட்டியைக் குப்பையில் போடமாட்டார்கள். போட்டால் பாவம். மீந்துபோன குபூஸைத் தனிப் பையில் கட்டி, சந்துச் சுவரிலிருக்கும் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். ஆடு வளர்க்கிறவன் வண்டியில் வந்து எடுத்துப் போவான். எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் சேர்த்து ஒரே கொக்கி. நான் முதல் முறை பை மாட்டப் போனபோது, கருப்பு அங்கி போட்ட ஒரு பொம்பளை அங்கே நின்றிருந்தாள். அரபிக்காரி என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"முடிச்ச இப்படிப் போட்டா ஆட்டுக்காரன் உன்னையத்தான் வைவான். எந்த ஊரு கண்ணு நீ?" என்றது அந்த அங்கி.

தமிழைக் கேட்டு நிமிர்ந்தேன். "கொல்லிமலைங்க" என்றேன்.

"அட என் மலைக்காரி. நான் காளப்பநாயக்கன்பட்டி. உங்க குச்சிக்கிழங்கு லாரி எங்கூட்டு வழியாத்தானடி போகும்."

அன்றைக்கு நான் அழுத அழுகையில் குப்பை வாளியைச் சந்திலேயே விட்டுவிட்டு வந்து, எசமானியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதன்பிறகு அந்தப் பைதான் எங்களுக்குத் தபால்காரர். அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் கொக்கி தெரியும். பை தொங்கினால் அக்கா வெளியே இருக்கிறாள் என்று அர்த்தம். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். பேசக் கிடைத்தது ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம்தான். குபூஸ் மிஞ்சாத நாளில் நல்ல குபூஸையே கிழித்துப் பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். "ஆடு தின்னா ஆண்டவன் கோவிச்சுக்க மாட்டான்" என்பாள்.

கொல்லிமலையில் பிறந்த எனக்கு அந்த வெயில் பிடிபடவில்லை. குழாயில் வருகிற தண்ணீரே கொதித்தது. ஒருநாள், "அக்கா, இந்த ஊர்ல மழை எப்பப் பெய்யும்?" என்று கேட்டேன். அவள் வானத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் வந்துரும் கண்ணு" என்றாள்.

நான் நம்பினேன். அடுத்த வாரம் மணல்காற்று அடித்தது. "இது மழைக்கு முந்தி வர்ற காத்து. அடுத்த வாரம் பாரு" என்றாள். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னாள். ஒரு கோடை முழுவதையும் அந்த ஒரு வாக்கை வைத்தே என்னைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். ஒருநாள் எனக்குக் கோபம் வந்து, "ஏனுங்கக்கா, பொய்தான சொல்றீங்க?" என்று கேட்டேன். "ஆமா. நெசத்தச் சொன்னா நீ இந்நேரம் மாடியிலிருந்து குதிச்சிருப்ப" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் என்னை மடைச்சியாக்கியதை நான் மறக்கவில்லை.

அவளுடைய அம்மா இங்கே காளப்பநாயக்கன்பட்டியில் இறந்தபோது அவளை அனுப்பவில்லை. அந்த வீட்டுக் கிழவி படுத்த படுக்கை. அவளைக் கழுவித் துடைக்க வேறு ஆளில்லை என்று பாஸ்போர்ட்டைத் தர மறுத்துவிட்டார்கள். அன்றைக்குப் பை மாட்டியிருந்தது. போனேன். அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். அழவில்லை.

"நீ பஸ்ல போறப்ப எங்க கபர்ஸ்தானப் பாத்திருக்கியா?" என்று கேட்டாள்.

"பாத்திருக்கனுங்கக்கா. சன்னலோரம் உக்காந்தாத் தெரியும்."

"சொல்லு. எப்படி இருக்கும்னு சொல்லு. எனக்கு இப்ப மனசுல வரமாட்டேங்குது."

சொன்னேன். ரோட்டோரத்துச் சுவர் ஒரு மூலையில் இடிந்திருக்கும். அதன் வழியாக உள்ளே தெரியும். பச்சைப் பெயிண்ட் அடித்த கேட். நடுவில் ஒரு வேப்பமரம், ஒரு பக்கம் சாய்ந்தது. கீழே தும்பைச் செடி பூத்துக் கிடக்கும். மழை பெய்தால் சுவரோரம் தண்ணீர் தேங்கும், கொக்கு வந்து நிற்கும். கொக்கைச் சொன்னதும் அக்கா அழுதுவிட்டாள். வாயில் தலைத்துணியைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

"என்னைய அங்கதான் வெக்கோணும் கண்ணு. அந்த வேப்பமரத்துக்குக் கீழ, எங்கம்மாகிட்ட. இந்த மணல்ல வேண்டாம். நீ பாத்துக்க" என்றாள்.

"சரிங்கக்கா" என்றேன். அந்தச் சந்தில் நான் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான்.

ஒப்பந்தம் முடிந்ததும் இருவரும் ஒரே விமானத்தில் ஊருக்கு வருவதாகத்தான் பேச்சு. கிளம்புவதற்கு முன்தினம் பை தொங்கியது. அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "கெழவிக்கு ரொம்ப முடியல. என் கை பட்டாத்தான் திரும்பிப் படுக்குது. நீ முன்னால போ கண்ணு" என்றாள்.

"உங்களப் பெத்தவ கெடந்தப்ப, திருப்பிப் போட ஆரு இருந்தாங்க?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. இன்றைக்கு எதிரே நின்றாலும் அதையே கேட்பேன். அவள், "அடுத்த பெருநாளுக்கு ஊர்ல இருப்பேன் பாரு" என்றாள். பக்கத்தில் காலியாக வந்த சீட்டை முறைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

கிழவி செத்தாள். கிழவியின் மகளுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. பிறகு பேரப்பிள்ளைகள். அக்கா அந்த வீட்டை விட்டு வரவேயில்லை.

ஒரே ஒரு தடவை லீவில் வந்தாள். என்னைப் பார்க்க மலையேறினாள். அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டியதும் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, பச்சைப் பாக்குபோல வந்து இறங்கினாள். "உங்கூட்டுக்கு வர்றதுக்கு நான் மறுபடியும் குவைத்துக்கே போயிருவேன்டி" என்றாள். கேழ்வரகுக் களியைப் பிசைந்து கொடுத்தேன். தின்று முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓட்டில் விழுந்த சத்தத்தைக் கேட்டதும் எழுந்து வாசலுக்குப் போய், அங்கியோடு அப்படியே நனைந்துகொண்டு நின்றாள். என் மருமகள் பயந்து குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"மலைக்காரி," என்று மழைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். "நான் சொன்னனா இல்லியா, மழை வருதுன்னு?"

அன்றைக்கு மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. மறுநாள் இறங்கிப் போனாள். நான் அவளை நேரில் பார்த்தது அதுதான் கடைசி.

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன். அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் எதிரே ஒரு லாரி வந்து நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது ஜாபர் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜாபர் எழுந்து வந்து, "வாங்க சின்னம்மா" என்றான்.

நான் உட்காரவில்லை. "அம்மாவ இங்க கொண்டா சாமி. அவ அம்மாகிட்ட, வேப்பமரத்தடியில வெக்கோணும்னு எங்கிட்டச் சொல்லியிருக்கா" என்றேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "காலையிலியே முடிஞ்சிருச்சுங்க சின்னம்மா. நான்தான் சம்மதம் எழுதி அனுப்பினேன்."

"ஆரக் கேட்டு அனுப்பின?"

"அம்மா சொன்னதுங்க சின்னம்மா. போன ரமலான்ல போன்ல சொன்னாங்க. 'எனக்கு ஒண்ணுன்னா என்னத் தூக்கிக்கிட்டு அலையாதீங்க சாமி. இங்க எடம் நல்லாருக்கு. மரமெல்லாம் வெச்சு நிழலா இருக்கும். நானே போய்ப் பாத்துட்டு வந்தேன்'னு சொன்னாங்க. நீங்க சொல்றது எனக்குத் தெரியாதுங்க. அம்மா வாயால சொன்னதத்தான் செஞ்சேன்."

அங்கே இருந்த யாரோ படம்பிடித்து அனுப்பியிருந்தார்கள். ஜாபர் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினான். மணல். மணலில் வரிசை வரிசையாக மேடுகள். ஒவ்வொரு மேட்டுக்கும் தலைமாட்டில் ஒரு சின்னக் கல், எழுத்தில்லாத கல். படம்பிடித்தவன் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போனைத் திருப்பியிருந்தான். ஒரு செடிகூட இல்லை.

"இதுல அம்மா எது?" என்று கேட்டேன்.

ஜாபர் படத்தைப் பின்னால் தள்ளினான், முன்னால் தள்ளினான். "இந்தப் பக்கம்னு நெனக்கிறேங்க சின்னம்மா" என்றான். மரம் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால், அவனும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தான்.

அந்த நிழல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உடம்பைக் கொண்டுவர மகன் அல்லாடுவானே என்று, எனக்கு மழையைச் சொன்ன மாதிரி அவனுக்கு மரத்தைச் சொல்லியிருக்கிறாள். எதிரில் நிற்கிறவர்களுக்கு எது தேவையோ அதை எடுத்துக் கொடுப்பது அவளுக்குச் சமையல் மாதிரி. ஜாபரிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகும்? மணலைத் தோண்டவா போகிறார்கள்? வேப்பமரத்தைக் கேட்டு அழுதாளே, அது நிஜம் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும். கேட்க ஆளில்லை.

திரும்பும்போது சன்னலோரம் உட்கார்ந்தேன். கபர்ஸ்தான் சுவரின் இடிந்த மூலையைக் கட்டிவிட்டார்கள். உள்ளே தெரியவில்லை. வேப்பமரத்தின் தலை மட்டும் தெரிந்தது. மலை ஏற ஏற மழை பிடித்தது. வீட்டுக்குப் போனால் மிளகு பாயோடு நனைந்து கிடந்தது. "போறவங்க ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக்கூடாதுங்களா?" என்று மருமகள் சத்தம் போட்டாள். நியாயமான சத்தம். பூஞ்சை பிடித்த மிளகைக் காதர் பாய் எடுக்கவில்லை.

சபூராக்காவை எல்லாரும் நல்லவள் என்கிறீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் நான் அவளை மன்னிக்கவில்லை. என்னை ஒரு கோடை முழுக்க ஏமாற்றியதற்கு, என்னைத் தனியாக விமானம் ஏற்றியதற்கு, என்னை வாக்குத் தவறியவளாக ஆக்கியதற்கு. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபமும் ஒரு பழக்கமும்தான். மீந்த களியை இன்றுவரை நான் குப்பையில் கொட்டியதில்லை. பையில் கட்டி வேலிக் கம்பில் மாட்டிவிடுவேன். பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டுப் போகும். மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பேன். நின்று என்ன ஆகப்போகிறது என்று தெரியும், நிற்பேன்.

உங்களில் அங்கே இருப்பவர்கள் யாராவது அந்தக் கபர்ஸ்தான் பக்கம் போனால், அவளுடைய கல் எது என்று கண்டுபிடித்தேன், பக்கத்தில் ஒரு மரம் வைத்திருக்கிறார்கள், நிழல் விழுகிறது என்று எனக்குச் சொல்லி அனுப்பாதீர்கள். சொன்னால் நான் நம்பிவிடுவேன்.