முன்னால் போனவர்

திருச்சியில் இருந்தவரை சைக்கிளில் கைவிட்டுக்கூட ஓட்டாத மனிதர் என் கணவர். மியூனிக்குக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் காலில் இரண்டு நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு மலையிலிருந்து சறுக்கி இறங்க ஆரம்பித்தார். அறுபதுகளின் கடைசி அது. அவர் உலோகங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் இருந்தார்; நான் ஒரு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். ஞாயிறு மாதா கோயில் பூசைக்குத் தனியாகத்தான் போவேன். கோயில் சாமியார் அவரைப் பற்றி விசாரித்தால், மலைக்குப் போயிருக்கிறார் என்பேன். "அப்படியானால் நம்மைவிடக் கடவுளுக்குப் பக்கத்தில் இருக்கிறார்" என்று சாமியார் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. ஈரக் காலுறைகளைத் துவைக்கிறவள் நான்.

அவரைக் கெடுத்தவர் அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில் மூத்தவர். வயதிலும் பதவியிலும் மூத்தவர் என்பதால் நாங்கள் வீட்டில் அப்படித்தான் அவரைக் குறிப்பிடுவோம். நல்ல மனிதர். ஆனால் எதையும் திருத்தாமல் விடமாட்டார். என் கணவர் பலகையில் கால் வைப்பதை, கோலை ஊன்றுவதை, உருளைக்கிழங்கைக் கத்தியால் வெட்டுவதை எல்லாம் திருத்துவார். மூத்தவரின் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது ரசத்துக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டார். கண்ணளவுதான் என்றேன். அந்த பதிலை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. புருஷனைத் திருத்தக்கூடிய ஒரே ஆள் அந்த அம்மாள்தான். இருவரும் மேசையிலேயே ஒருவரையொருவர் திருத்திக்கொண்டிருப்பார்கள், பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

என் கணவரும் மூத்தவரும் ஆராய்ச்சிக்கூடத்து இளைஞர்கள் சிலரும் போனது கம்பியில் இழுத்து மேலே கொண்டுபோய் விடுகிற சரிவுகளுக்கு அல்ல. ஆள் நடமாட்டமில்லாத மலைகளுக்கு. பலகையின் அடியில் ரோமப்பட்டையைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்காக மேலே ஏறுவார்கள். உச்சியில் பட்டையைக் கழற்றிவிட்டுச் சறுக்கி இறங்குவார்கள். புதுப்பனியில் முன்னால் போகிறவருக்குத்தான் பாடு. அவர் மிதித்துப் போட்ட தடத்தில் மற்றவர்கள் சுலபமாக வந்துவிடலாம். அதனால் மாறி மாறி முன்னால் போவார்கள். யார் முன்னால் போகிறாரோ அவர் பாதையைப் பார்த்துக்கொள்வார். பின்னால் வருகிறவருக்குச் சந்தேகம் இருந்தால் உடனே சொல்லிவிட வேண்டும். அவர்கள் பழக்கம் அது.

"அப்ப யாரு லீடர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"லீடர்லாம் கிடையாது. அவங்கவங்க பொறுப்பு."

"வேளாங்கண்ணிக்கு நடந்து போனாக்கூட ஒருத்தர் பொறுப்பா கூட்டிட்டுப் போவாங்க. இது என்ன பழக்கம்?"

"அங்க கூட்டமாப் போவோம். இங்க நாலு தனி ஆளுங்க சேந்து போறோம். அது வேற, இது வேற" என்றார். அந்த ஊர் நியாயம் அவருக்குப் பிடித்திருந்தது. கல்யாணத்துக்கு முன்பு வரை எங்கே போனாலும் யாரோ ஒரு சித்தப்பாவின் பொறுப்பில் போய்வந்தவர். பிடிக்காமல் என்ன செய்யும்?

மூன்றாவது குளிர்காலத்தில் மூத்தவர் என் கணவரைத் திருத்துவதை நிறுத்திவிட்டார். மலைமேலுள்ள சத்திரங்களில் எல்லோரும் இவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். பனியில் ஒரு கறுப்பு மனிதர் இவ்வளவு நன்றாகப் போகிறாரே என்று. அங்கெல்லாம் மூத்தவர் இவர் தோளில் கை போட்டுக்கொண்டு, இவர் நம் ஊர்ப் பையன்களுக்கே சொல்லிக்கொடுப்பார் என்று பீற்றிக்கொள்வாராம். இதை என்னிடம் சொல்லும்போது இவர் முகத்தில் இருந்த பெருமை எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

எழுபதுகள் தொடங்கியிருந்தன. ஒரு மார்ச் மாதம், நல்ல பனி விழுந்து காற்றும் அடித்து ஓய்ந்த பிறகு, நான்கு பேர் போனார்கள். இவர், மூத்தவர், அதே ஆராய்ச்சிக்கூடத்து இளைஞர்கள் இருவர். இளைஞர்களில் ஒருவருக்குத் தாடி உண்டு. பனிச்சரிவு பயமுள்ள இடங்களில் இடுப்பில் ஒரு நீளச் சிவப்புக் கயிற்றைக் கட்டிப் பின்னால் இழுபட விடுவார்கள். ஆள் புதைந்தாலும் கயிற்றின் ஒரு பகுதி மேலே தெரியும் என்று நம்பிக்கை. நான்கு பேர் பையிலும் கயிறு இருந்தது. ஒருவரும் எடுத்துக் கட்டவில்லை. முதலில் எடுக்கிறவர் பயந்தாங்கொள்ளி ஆகிவிடுவார் அல்லவா? ஆண்பிள்ளைகள் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

மேலே ஓரிடத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது. மரங்களுக்கிடையே மேட்டைச் சுற்றிப் போவது ஒன்று, நேராக வெட்டவெளிச் சரிவைக் குறுக்கே கடப்பது மற்றொன்று. முன்னால் போகும் முறை அப்போது இவருடையது. சரிவின் விளிம்பில் நின்றார். மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். பிறகு இவர் சரிவுக்குள் இறங்கிக் கடந்து, எதிர்ப்பக்கத்துப் பாறையடிக்குப் போய்விட்டார். அடுத்துத் தாடிக்காரர் கடந்தார். மூத்தவர் நடுவில் வரும்போது சரிவின் பனி முழுவதும் ஒரே தகடாகப் பெயர்ந்து அவரை மூடிக்கொண்டு போனது. நான்காமவர் இந்தப் பக்க விளிம்பிலேயே நின்றிருந்ததால் தப்பினார்.

மூன்று பேரும் கையாலும் பலகை நுனியாலும் தோண்டிப் பார்த்தார்கள். பிறகு நான்காமவர் கீழே ஓடி ஆட்களை அழைத்துவந்தார். நீளக் கழிகளோடும் ஒரு நாயோடும் மீட்புக்காரர்கள் வந்து தேடி எடுத்தபோது உயிர் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. மறுநாள் காலை வீட்டுக்கு வந்த இவருடைய விரல்களில் நகங்கள் பிய்ந்திருந்தன. விஷயத்தைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். எனக்கு முதலில் தோன்றியது, நல்லவேளை இவர் இல்லை என்பதுதான். யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆள் இறந்தால் அங்கே விசாரணை உண்டு. அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து கேட்டது ஒரே கேள்விதான்: யார் தலைமையில் போனீர்கள்? தலைமை என்று ஒருவர் இருந்தால் கவனக்குறைவால் உயிர் போனதற்கு அவர்மீது வழக்கு வரலாம். இவருடைய வேலை ஆண்டுக்காண்டு நீட்டிக்கப்படும் வேலை. தங்கும் அனுமதி வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வழக்கு என்று வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இளைஞர்கள் இருவரும் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுச் சொன்னார்கள், நடந்ததைத்தானே சொல்லப் போகிறோம், தலைமை என்று யாரும் இல்லை, அவரவர் பொறுப்பில்தான் போனோம் என்று. அது பொய்யும் இல்லை. நானும் அதையே சொல்லும்படி இவரைப் பிடித்து உலுக்கினேன். இவரும் அதையே சொன்னார். முன்னால் போனது யார் என்று கேட்டதற்கு நான் என்றார். தலைமை யார் என்று கேட்டதற்கு யாரும் இல்லை, மாறி மாறி முன்னால் போவோம் என்றார். விசாரணையை மூடிவிட்டார்கள்.

அன்று சாயந்திரம் மருத்துவமனை வாசலில் தாடிக்காரர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மனதில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றார். சரிவின் விளிம்பில் இவர் நின்று திரும்பிப் பார்த்தபோது மூத்தவர், "போ, போ, நன்றாகத்தான் போகிறாய்" என்று சொன்னாராம். பக்கத்தில் நின்ற தாடிக்காரர் காதில் விழுந்திருக்கிறது. நான்காமவர் அப்போது கொஞ்சம் தள்ளிக் குனிந்து வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று என் கணவர் கேட்டுக்கொண்டாராம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை வாரமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவள் நான். இவரைக் காப்பாற்றக்கூடிய ஒரு வார்த்தை இவர் கையிலேயே இருந்திருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டேன்.

"ஏங்க, அவர்தான் போகச் சொன்னாராமே?"

"யார் சொன்னது?"

"யார் சொன்னா என்ன? சொன்னாரா, இல்லையா?"

"சொன்னார்."

"அத ஏன் போலீஸ்கிட்ட சொல்லல?"

"செத்துப்போனவர் மேல தூக்கிப் போடச் சொல்றியா?"

"போட வேணாம். நடந்தத சொல்லலாம்ல?"

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு, "நான் அங்க சும்மா நிக்கல. எனக்கே டவுட் இருந்துச்சு. வழக்கமா அவர் மரத்துப் பக்கமாத்தான் போவார். கேக்கலாம்னுதான் திரும்பினேன். அதுக்குள்ள நல்லாப் போறன்னுட்டார். பெரியவர் சொன்னப்புறம் எப்படித் திரும்பக் கேக்குறதுன்னு வாய மூடிக்கிட்டேன்" என்றார்.

"அவருக்குத் தெரியாதா, அது மோசமான எடம்னு?"

"தெரிஞ்சிருக்கும். காலைலேருந்து பசங்ககிட்ட என்னைப் பத்தித்தான் பெருமை பேசிட்டு வந்தார். அவங்க முன்னாடி நான் பாத்த பாதை தப்புன்னு சொல்ல மனசு வரல. என் மரியாதையக் காப்பாத்துனார். நான் அவர் மரியாதையக் காப்பாத்துனேன். அவ்வளவுதான்."

இப்படியும் ஒரு சாவு உண்டா என்று நினைத்தேன். ஒருவர் அந்நிய ஊர்க்காரனைக் கூச்சப்படுத்தக் கூடாது என்று சும்மா இருந்திருக்கிறார். இன்னொருவர் பெரியவரை மறுபடி கேட்கக் கூடாது என்று சும்மா இருந்திருக்கிறார். வேறு யாராவது இரண்டு பேராக இருந்திருந்தால் அந்த இடத்தில் நின்று நன்றாகச் சண்டை போட்டுவிட்டு, மரத்துப் பக்கமாகப் போய் வீடு வந்து சேர்ந்திருப்பார்கள்.

ஈஸ்டர் விடுமுறையில் மூத்தவரின் மனைவி எங்களை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். விசாரணையில் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், அந்த அம்மாள் புகார் கொடுத்தால் மறுபடி எல்லாம் கிளம்பும் என்று ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் இவரை எச்சரித்து அனுப்பினார். டிராமில் நானும் அதையே சொல்லிக்கொண்டு போனேன். "ஏதாவது சொல்லித்தான் ஆகணும்னா, அவர் சொன்னதையும் சேத்துச் சொல்லுங்க" என்றேன். இவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் தன் பிள்ளைகளை எங்கோ அனுப்பியிருந்தார். மேசையில் காபியும் கேக்கும் வைத்திருந்தார். எங்கள் தட்டில் துண்டுகளை வைத்துவிட்டு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூன்று பேரும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறீர்கள். அவரவர் பொறுப்பு என்று" என்றார். "அப்படியானால் இந்தச் சாவு யார் பொறுப்பு? அவருடையதுதான், இல்லையா? உங்கள் அப்பா தானாகப் போய்ச் செத்தார் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். அதைச் சரிபார்த்துக்கொள்ளத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

இவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "முன்னால் போனது நான். அந்தப் பாதையைப் பார்த்ததும் நான்" என்றார்.

மேசைக்கடியில் இவர் காலை மிதித்தேன். அசையவில்லை.

"அவரிடம் கேட்டீர்களா?"

"கேட்கவில்லை."

"அவராக எதுவும் சொல்லவில்லையா?"

என் நாக்கு நுனியில் இருந்தது அந்த வாக்கியம். ஒரே ஒரு வரி. அதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு ஜெர்மன் வரும். இவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அன்று கேட்டார், கண்ணால். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அது யாருக்காக என்று தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

"இல்லை" என்றார் இவர்.

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற மனிதர் இல்லை அவர்."

"எதுவும் சொல்லவில்லை. என் பின்னால் வந்தார், அவ்வளவுதான்."

"அப்படியானால் நீங்கள்தான்."

"ஆமாம். நான்தான்."

அந்த அம்மாள் நெடுநேரம் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். புகார் கொடுப்பாரா, நாங்கள் அந்த ஊரில் இருப்போமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுச் சாமான்களை மனதுக்குள் கட்டத் தொடங்கிவிட்டேன்.

"போலீசிடம் போகமாட்டேன்" என்று கடைசியில் சொன்னார். "இத்தனை வாரமாக என் கணவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் காதுபடத் திட்டினேன். இனிமேல் திட்ட வேண்டாம்."

எழுந்து போய்க் கதவைத் திறந்தார். எனக்குக் கை கொடுத்தார். இவருக்குக் கொடுக்கவில்லை.