குடோன் சொன்ன புத்தகம்

எங்கள் கடைக்குள் நுழைந்ததும் இடது கைப்பக்கம் ஒரு மர அலமாரி நிற்கும். மேல்தட்டு கல்லாவில் உட்காரும் முதலாளி அண்ணாச்சிக்கு, நடுத்தட்டு பாடப்புத்தக விற்பனை பார்க்கும் அண்ணனுக்கு, கீழ்த்தட்டு எனக்கு. அவரவருக்குப் பிடித்த புத்தகங்களை அவரவர் தட்டில் அட்டை தெரிகிற மாதிரி நிறுத்தி வைக்க வேண்டும். படிக்காமல் வைத்தால் அண்ணாச்சி நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து கேள்வி கேட்பார். அருப்புக்கோட்டையில் நோட்டும் கைடும் விற்றுப் பிழைக்கிற கடைக்கு இந்தப் பவுசு தேவையா என்று பக்கத்து ஜவுளிக்கடையில் கேட்பார்கள். அண்ணாச்சி பாட்டுக்குப் பில் போடுவார்.

ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு சீட்டு இருக்கும். அந்தப் புத்தகம் ஏன் பிடித்தது என்று சொந்த வார்த்தையில் எழுதிச் செருகுவோம். ஆனால் சீட்டு எழுதியவர் பெயரைப் போடக் கூடாது. சொன்னது யார், எந்தத் தெரு, யார் மகன் என்று விசாரித்துவிட்டுத்தான் இந்த ஊரில் எதையும் கையில் எடுப்பார்கள் என்பது அண்ணாச்சியின் கணக்கு. அதனால் சீட்டின் அடியில் கல்லா, பாடப்புத்தகம், குடோன் என்று எழுதுவோம். புத்தகம் விற்றால் சீட்டும் அதோடு போய்விடும். குடோன் நான்தான். கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் பார்சல் பிரித்து அடுக்குவது என் வேலை.

கல்லா தட்டில் பக்தியும் யாத்திரையும் இருக்கும். பாடப்புத்தகம் தட்டில் பறவைகள், செடி கொடி, குழந்தை வளர்ப்பு. என் தட்டில் வெட்டு, குத்து, தீ வைப்பு. "ஒன் தட்டப் பாத்தா போலீஸ் ஸ்டேசன் மாதிரி இருக்கும்மா" என்பார் அந்த அண்ணன். ஈ உட்கார்ந்தால்கூடச் சத்தம் போடாமல் விரட்டுகிற மனுசன்.

நான் வளர்ந்தது திருச்சுழிப் பக்கம், கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற ஒரு ஊர். பொழுது சாய்ந்தால் எந்த வீட்டில் அடி விழுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். கையா, விறகா, பெல்ட்டா என்பதுகூடத் தெரியும். காலையில் குழாயடியில் முகம் வீங்கி நிற்பவர்கள் கேட்பதற்கு முன்பே கதவு இடித்துவிட்டது என்பார்கள். எங்கள் ஊர்க் கதவுகளுக்கு இருந்த ஆத்திரம் வேறு எந்த ஊரிலும் இருந்திருக்காது. இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவளிடம் மழையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற புத்தகத்தைக் கொடுத்தால் பற்றிக்கொண்டு வராதா? என் வீட்டுக்காரர் கை நீட்டாதவர். நீட்டினால் திரும்ப விழும் என்று கல்யாணமான புதிதிலேயே புரிந்துகொண்டவர்.

கடைக்கு அடிக்கடி வந்த ஒரு பெண் பாளையம்பட்டிப் பக்கத்து விசைத்தறியில் வேலை செய்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தலைமுடியில் எப்போதும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். ஷிப்டு முடிந்து டவுனுக்கு வந்து, ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமிருந்தால் கடைக்குள் வருவாள். புத்தகங்களைப் பிரிக்க மாட்டாள், சீட்டுகளை மட்டும் உருவிப் படித்துவிட்டு அதே இடத்தில் செருகிவிட்டுப் போவாள். ஒருநாள் நான் கீழ்த்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அடி வாங்குற பொம்பள கதை இருக்கா?"

"அதுக்கா பஞ்சம்? எது வேணும்?"

"கடைசில அவ சாகக் கூடாது."

அவள் கழுத்தோரம் நான்கு விரல் பதிந்து கறுத்திருந்தது. நான் என் தட்டைப் பார்த்தேன். ஒருத்தி கிணற்றில் விழுந்திருந்தாள். ஒருத்தி மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒருத்தியை அவள் பெற்ற மகனே வெட்டியிருந்தான். இத்தனையும் நானே பொறுக்கி எடுத்து, அருமையான புத்தகம், படித்தே ஆக வேண்டும் என்று சீட்டு எழுதி நிறுத்தியவை. எழுதியவர்கள் மேலும் கோபம் வந்தது, என் மேலும் வந்தது. அடுத்த வாரம் வா என்று அனுப்பிவிட்டேன்.

குடோனைக் கிளறியதில் மெல்லிசாக ஒரு நாவல் கிடைத்தது. எழுதியவர் பெயரை அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. கதையில் ஒருத்தி வருஷக்கணக்காக அடி வாங்குகிறாள். கடைசிப் பக்கத்தில் அம்மிக்குழவியைத் தூக்குகிறாள். குழவி விழுகிற சத்தத்தோடு புத்தகம் முடிந்துவிடும். நான் சீட்டு எழுதினேன்: "கடைசிப் பக்கத்தை என்னால் உட்கார்ந்து படிக்க முடியவில்லை, எழுந்து நின்று படித்தேன். படித்துவிட்டு வாங்க, பேசுவோம். குடோன்." அவள் வந்ததும் கொடுத்தேன். சாப்பாட்டு வாளிக்குள் அடியில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

சில நாள் கழித்துத் திரும்பி வந்தாள். நன்றாக இருந்தது என்பாள் என்று எதிர்பார்த்தேன். வந்ததும் வராததுமாகச் சண்டை பிடித்தாள்.

"குழவியத் தூக்கிப் போட்டா. சரி. மறுநாளு?"

"மறுநாளுக்கு என்ன?"

"அவன் சாகலன்னா எந்திரிச்சு வருவான்ல? அவ எங்கிட்டுப் போயிப் படுப்பா? யாரு கதவத் தொறப்பா? அத எழுதலயே. எழுதுனவுகளுக்கு ஈசியா முடிஞ்சு போச்சு."

பதில் இல்லாத நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிற பழக்கம் எனக்கு இல்லை. "வேற எடமே இல்லன்னா இங்க வா. குடோனுக்கு உள்பக்கமாத் தாப்பா இருக்கு" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

நிஜமாகவே வந்தாள். வெயில் ஏறிய ஒரு முற்பகல். கடையில் வாங்க வந்த ஆள் இல்லை. செருப்பில்லாமல், ஜாக்கெட் தோள்பட்டையில் கிழிந்து, வாயிலிருந்து ரத்தம் வடிய, யாரையும் பார்க்காமல் நேராகக் குடோனுக்குள் போனாள். பின்னாலேயே போய்த் தண்ணீர் கொடுத்தேன். வாய் கொப்பளித்துத் துப்பியதில் ஒரு பல்லும் விழுந்தது. புருசன் சாப்பாட்டு வாளியைத் துழாவிப் புத்தகத்தை எடுத்திருக்கிறான். புத்தகத்தை அவன் ஒரு வரிகூடப் படிக்கவில்லை, சீட்டைத்தான் படித்திருக்கிறான். "வாங்க, பேசுவோம்" என்று எழுதிய குடோன் எவன் என்று கேட்டுத்தான் அடி. அது புத்தகக் கடையில் இருக்கிற ஒரு அக்கா என்று அவள் எவ்வளவோ சொல்லியும் அவன் நம்பவில்லை.

"பிள்ள இல்லன்னு அடிச்சான். தாங்குனேன். இப்ப எவனோ இருக்கான்னு அடிக்கிறான். இன்னிக்குக் கொன்னுருவான்க்கா" என்றாள். உள்ளே தாழ் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அண்ணாச்சி போனைக் கையில் எடுத்து, போலீசுக்குப் பேசலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். குடும்ப விவகாரம் என்று இழுத்தார். "பேசுங்க அண்ணாச்சி" என்று கத்தினேன்.

அவர் பேசி முடிப்பதற்குள் லாரி வந்து நின்றது. புருசன் லோடு ஏற்றுகிறவன். தோள் இரண்டும் வாசலை அடைத்தன. ஒரு கையில் வீல் ஸ்பேனர், இன்னொரு கையில் கசங்கிய என் சீட்டு.

"குடோனு எவன்டா? வெளிய வாடா!"

பாடப்புத்தகம் பார்க்கும் அண்ணன் எழுந்து போனார். யார் கோபமாக வந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்.

"தம்பி, மொதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க. பேசிக்கிருவோம்."

பேசிக்கிருவோம் என்ற சொல்தான் வினையாகிவிட்டது. அவன் சீட்டைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். "நீதானாடா அது?" என்றபடி ஸ்பேனரை வீசினான். அண்ணன் கையைத் தூக்கி மறித்தார். விரல்கள் ஒடிந்த சத்தம் பென்சில் ஒடிகிற மாதிரி சின்னதாகத்தான் கேட்டது. அவர் கத்தவில்லை, ஒடிந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த அடி முகத்தில் விழுந்தது. கண்ணாடி உடைந்து புருவம் பிளந்து, அலமாரியைப் பிடித்துக்கொண்டே சரிந்தார். மூன்று தட்டுப் புத்தகங்களும் அவர் மேல் கொட்டின.

"நான்தான்டா குடோனு! அவுக இல்ல!" என்று முன்னால் போய் நின்றேன்.

அவன் சிரித்தான். "பொம்பளயக் குடோன்ல போடுவாகளா? எவனக் காப்பாத்தப் பாக்குற?"

நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். கல்லா மேசை விளிம்பில் என் இடுப்பு மோதியது. அவன் குனிந்து அண்ணனை மிதிக்க ஆரம்பித்தான். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள், ஜவுளிக்கடைக்காரர்கள், தினம் என்னிடம் டீக்குச் சில்லறை மாற்றுகிறவர்கள், எல்லோரும் இருந்தார்கள். ஒருத்தர் காலும் உள்ளே வரவில்லை. போன்கள் மட்டும் உயர்ந்தன. அவனைவிட அவர்கள் மேல்தான் எனக்கு அதிக வெறி வந்தது.

அப்போது குடோன் தாழ் திறக்கிற சத்தம் கேட்டது.

"அவுகள விடு. நான் இங்கதான் இருக்கேன்" என்று அவள் வெளியே வந்தாள். வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். அடிபட்ட கை என்று நினைத்தேன்.

"வாடி வீட்டுக்கு."

"நான் வரல."

அறைந்தான். அவள் தலை திரும்பி, மறுபடி நேரானது. "நான் வரல" என்றாள். மறுபடி அறைந்தான். உதட்டு ரத்தம் நோட்டு அடுக்கின் மேல் தெறித்தது. அவள் பின்னால் நகரவில்லை, கையைத் தூக்கி மறிக்கவில்லை, இன்னும் ஒரு அடி முன்னால்தான் வந்தாள். "நான் வரல. நீ பக்கத்துல வா" என்றாள். அவன் அவள் முடியைப் பிடித்துத் தலையைப் பின்னால் இழுத்து ஸ்பேனரை ஓங்கினான்.

ஷட்டரை இழுக்கிற கொக்கிக் கம்பி கதவோரம் சாத்தி இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது. ஓங்கிய கையின் முழங்கை மேல் இரண்டு கையாலும் இறக்கினேன். ஸ்பேனர் விழுந்தது. அவன் திரும்பினான், இன்னொன்று போட்டேன். கீழே விழுந்தான், அப்போதும் போட்டேன். அவன் அம்மாவைக் கூப்பிட்டு அலறினான். எனக்கு நன்றாக இருந்தது. பொய் சொல்ல என்ன இருக்கிறது, அவ்வளவு நன்றாக இருந்தது. குழாயடியில் வீங்கி நின்ற முகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று போட்டுக்கொண்டே இருந்திருப்பேன். அண்ணாச்சி பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தார். அதுவரை சும்மா நின்ற கூட்டத்துக்கு அப்போதுதான் வாய் வந்தது. "என்னதான் இருந்தாலும் ஒரு பொம்பள இப்பிடியா அடிக்கிறது" என்று ஒருத்தர் உச்சுக் கொட்டினார்.

போலீஸ் வந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. அண்ணனுக்கு விரல்களில் கட்டு, புருவத்தில் தையல். புருசனுக்கு முழங்கை நொறுங்கியிருந்தது. பெரியாஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே காவல் வைத்தார்கள். என்னையும் அவளையும் வாக்குமூலம் வாங்குவதற்காக அங்கேயே வராந்தா பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அவளை நான் சாவிலிருந்து இழுத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. நன்றி சொல்லுவாள், வேண்டாம் தாயி என்று சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன்.

"நீங்க ஏங்க்கா அடிச்சீங்க?" என்றாள்.

"ஒன்னையக் கொன்னுருப்பாம்மா."

அவள் முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தாள். பார்சல் கயிறு அறுக்கிற எங்கள் குடோன் கத்தி. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்ததில் பிடியின் தடம் உள்ளங்கையில் பள்ளமாகப் பதிந்திருந்தது.

"முடியப் பிடிச்சான்ல, அவன் வயிறு எனக்கு நேரா இருந்துச்சு. அதுக்குத்தான பக்கத்துல வான்னு கூப்பிட்டேன்." அவள் குரல் உடைந்தது. "எத்தன வருசமாச் சேத்து வச்சேன் தெரியுமா? ஒங்கள யாரு கேட்டா?"

அழுதாள். ஆத்திரத்தில் அழுதாள். நான் யாரைக் காப்பாற்றினேன் என்று அந்த பெஞ்சில்தான் எனக்குத் தெரிந்தது. இவள் ஜெயிலுக்குப் போயிருப்பாள் என்று புத்தி சொன்னது. ஆனாலும் அவள் கையிலிருந்து எதையோ பிடுங்கித் தின்றுவிட்ட மாதிரி இருந்தது. போலீசம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார். கத்தியை வாங்கி என் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனேன்.

இப்போது அவள் காரியாபட்டியில் தன் அக்கா வீட்டில் இருக்கிறாள், அங்கிருந்து மதுரைக்கு வேலைக்குப் போய்வருகிறாள். போன மாதம் கோர்ட்டு வாய்தாவுக்கு வந்தவளைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். உடம்பு தேறியிருந்தது. நல்லா இருக்கியா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஏறினாள். ஜாமீனில் இருந்து அதே வாய்தாவுக்கு வந்த அவள் புருசன், மடங்காத கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.